குடல்வளரியை எடுத்த பின்பும் அந்த நோய் வருமா?

சென்ற மாத மருத்துவ உரையில் வயிற்று நோவைப் பற்றிப் பொதுவாகப் பேசியிருந்தேன். அதற்குப் பின் வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒரு கேள்வி பல குரல்களில் வந்தது. "டொக்டர், எனக்கு ஊரிலேயே அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சு. இப்ப அதே பக்கம் நோகுது. எடுத்த சாமான் திரும்பவும் வருமோ?" நல்ல கேள்வி. ஒலிபரப்பில் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்க முடியாத கேள்வி. எனவே இம்மாத உரையை முழுவதுமாக இதற்கே ஒதுக்கினேன். அதன் எழுத்து வடிவம் இது.

சுருக்கமான பதில்: எடுத்த குடல்வளரி திரும்ப முளைக்காது. ஆனால் அது முழுவதும் எடுபடாமல் அடித்துண்டு ஒன்று மிஞ்சியிருந்தால், அந்தத் துண்டு அழற்சி அடையலாம். மரத்தைத் தறித்த பின் நிலத்தில் நிற்கும் அடிக்கட்டையைப் போன்றது அது. ஆங்கில வைத்தியர்கள் இதை "ஸ்ரம்ப் அப்பெண்டிசைற்றிஸ்" என்பார்கள். நாங்கள் அடிக்கட்டை அழற்சி என்று சொல்லிக் கொள்வோம். இது மிக அரிதான நோய். ஆயினும் நோயாளியும் சரி, வைத்தியரும் சரி, "அதுதான் எடுத்தாச்சே" என்று நினைப்பதால் கண்டுபிடிக்கப் பிந்துகிறது. ஆபத்து அந்தப் பிந்துதலில்தான் இருக்கிறது.

குடல்வளரி என்பது எது?

ஊரில் உயிரியல் படித்தவர்களுக்குக் குடல்வளரி என்ற சொல் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் குடல்வால் என்பார்கள். சிறுகுடல் வந்து பெருங்குடலில் சேரும் இடத்தில், வலப்பக்க அடிவயிற்றில், குருட்டுக்குடல் என்ற பை போன்ற பகுதி இருக்கிறது. அதிலிருந்து சின்னவிரல் போலத் தொங்கும் குழாய்தான் குடல்வளரி. பெரியவர்களில் பெரும்பாலும் 6 முதல் 9 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். ஒரு முனை குடலுக்குள் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும்.

இறுகிய மலத்துணிக்கை ஒன்றாலோ, உட்சுவரில் ஏற்படும் வீக்கத்தாலோ திறந்த முனை அடைபட்டால் உள்ளே திரவம் தேங்கும், கிருமி பெருகும், குழாய் வீங்கும். தொடக்கத்தில் தொப்புளைச் சுற்றி மந்தமான நோ. சாப்பாட்டில் மனம் இராது, ஓங்காளிக்கும், சிலர் சத்தி எடுப்பார்கள். சில மணித்தியாலங்களில் நோ வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிற்கும். இருமினாலும், வாகனம் பள்ளத்தில் விழுந்து எழும்பினாலும் குத்தும். கவனிக்காமல் விட்டால் குழாய் வெடித்து, கிருமி வயிற்றறை முழுவதும் பரவி உயிருக்கு ஆபத்தாகும்.

இந்நோய்க்கு இன்றுள்ள பெயரை 1886 இல் வைத்தவர் அமெரிக்க வைத்தியர் றெஜினால்ட் பிற்ஸ். அதற்கு நெடுங்காலம் முன்பே, 1735 டிசம்பரில், இந்த லண்டன் நகரில் சென் ஜோர்ஜ் வைத்தியசாலையில் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை நடந்தது. குடலிறக்கப் பைக்குள் அவனுடைய குடல்வளரி அகப்பட்டிருந்தது. அவன் விழுங்கிய குண்டூசி ஒன்று அதைத் துளைத்திருந்தது. மயக்கமருந்து இல்லாத காலம். ஏறக்குறைய அரை மணித்தியாலம் சிறுவன் அந்த வேதனையைத் தாங்கினான், பிழைத்தும் கொண்டான். பதிவில் உள்ள முதலாவது குடல்வளரி அகற்றல் இதுதான். செய்தவர் குளோடியஸ் அமியான்ட். மதத்தின் பெயரால் துன்புறுத்தப்பட்டுப் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு ஓடிவந்த ஹியூகனோ அகதிக் குடும்பத்தவர் அவர். குடலிறக்கத்துக்குள் குடல்வளரி அகப்படும் அந்த அரிய நிலைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அடிக்கட்டை எப்படி மிஞ்சுகிறது?

குடல்வளரியை எடுக்கும்போது அது குருட்டுக்குடலோடு சேரும் அடி வரைக்கும் போய், அங்கே கட்டி வெட்ட வேண்டும். மிஞ்சுவது 3 முதல் 5 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது என்பது இன்று பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பெருங்குடலின் மேல் நாடா போல மூன்று தசைப்பட்டிகள் ஓடுகின்றன. மூன்றும் வந்து கூடும் இடமே குடல்வளரியின் உண்மையான அடி. சத்திரசிகிச்சை நிபுணர் அந்த நாடாவைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அடியைக் கண்டுபிடிப்பார்.

இது எப்போதும் இலகுவான காரியமல்ல. வீக்கம் கடுமையாக இருந்தால் குடலும் கொழுப்புச் சவ்வும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சிலருக்குக் குடல்வளரி குருட்டுக்குடலுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும். அப்படிப்பட்ட நேரங்களில் அடியென்று நினைத்து வெட்டிய இடம் உண்மையில் நடுப்பகுதியாக இருக்கலாம். ஓரிரு சென்ரிமீற்றர் மிஞ்சினாலும் அது ஒரு குட்டிக் குடல்வளரிதான். அதன் வாயும் அடைபடலாம், அதுவும் வீங்கலாம், வெடிக்கலாம்.

1945 இல் அவுஸ்திரேலிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் றோஸ் என்பவர் இந்நிலையைப் பற்றி எழுதினார். முதற் பதிவாக அதையே குறிப்பிடுவார்கள். பெரிதாகக் கீறித் திறந்து செய்யும் பழைய முறையிலும் இது நேர்ந்திருக்கிறது, சிறு துளைகளிட்டுக் கமரா மூலம் செய்யும் புதிய முறையிலும் நேர்ந்திருக்கிறது. முதல் சத்திரசிகிச்சை நடந்து சில வாரங்களில் வந்தவர்களும் உண்டு, பல பத்தாண்டுகளின் பின் வந்தவர்களும் உண்டு. ஆகவே "அது நடந்து இருபது வருசமாச்சு" என்பது ஒரு சமாதானமாகாது.

வடு இருந்தால் குடல்வளரி இல்லை என்றாகுமா?

எங்களுடைய சனத்துக்கு இதில் தனியான ஒரு சிக்கல் இருக்கிறது. சத்திரசிகிச்சை வாட்டில் வேலை செய்த காலத்தில் எம்மவர் பலருடைய வயிற்றில் பழைய வடுக்களைப் பார்த்திருக்கிறேன். என்ன செய்தார்கள் என்று கேட்டால் பலருக்குச் சரியாகத் தெரியாது. டயக்னோசிஸ் காட் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. சத்திரசிகிச்சை நடந்தபோது தான் சின்னப்பிள்ளை, விபரம் தெரிந்த அம்மாவோ அப்பாவோ இப்போது இல்லை. "வயித்தில ஒப்பரேசன் செய்தது, அப்பெண்டிக்ஸ் எண்டுதான் சொன்னவை" என்பதோடு கதை முடிந்துவிடும்.

வடுவுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு கதைகள் இருக்கலாம்.

முதலாவது, குடல்வளரி முறையாக, முழுமையாக எடுக்கப்பட்டிருக்கலாம். பெரும்பாலானவர்களின் கதை இதுதான்.

இரண்டாவது, குடல்வளரி வெடித்துச் சீழ் கட்டியிருந்த நிலையில், கீறிச் சீழை மாத்திரம் வெளியேற்றிவிட்டு, "ஆறு எட்டுக் கிழமையால் வாருங்கள், அப்போது எடுப்போம்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். இது பிழையான வைத்தியமல்ல, பல காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. ஆனால் இரண்டாவது தவணைக்குப் போக முடிந்ததா என்பதே கேள்வி. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி ஒரே இரவில் வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது, யார் தவணைத் திகதி பார்த்தார்கள்? அப்படிப்பட்ட ஒருவருக்கு வடுவும் இருக்கும், குடல்வளரியும் முழுதாக உள்ளேயே இருக்கும்.

மூன்றாவது, அந்த வடு குடல்வளரிக்கே உரியதாக இல்லாமல் இருக்கலாம். செல் துண்டு பட்ட காயம், குடலிறக்கம், பெண்களுக்குச் சூலகக் கட்டி என்று வேறு காரணங்கள் இருக்கலாம்.

இங்கே வளரும் எமது பிள்ளைகளுக்கு நான்காவது கதை ஒன்றும் உண்டு. இப்போது சிக்கலில்லாத குடல்வளரி அழற்சிக்குச் சிலவேளை சத்திரசிகிச்சை செய்யாமல் அன்ரிபயோற்றிக் மருந்து மாத்திரம் கொடுக்கிறார்கள். பின்லாந்தில் பெரியவர்களிடம் செய்து 2018 இல் ஐந்தாண்டு முடிவுகளை வெளியிட்ட ஆய்வில், மருந்து மாத்திரம் பெற்றவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 39 பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் அந்நோய் திரும்பி வந்திருந்தது. ஆகவே "பிள்ளைக்கு அப்பெண்டிக்ஸ் வந்து சுகமாச்சு" என்பதும் "எடுத்தாச்சு" என்பதும் வேறு வேறு. வீட்டில் எல்லோரும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அடிக்கட்டை அழற்சிக்கென்று தனியான அறிகுறி எதுவும் இல்லை. முன்பு சொன்ன அதே நோ, அதே ஓங்காளம், அதே காய்ச்சல். வைத்தியர் வலப்பக்க அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பார். இரத்தப் பரிசோதனையில் வெண்கலங்கள் கூடியிருக்கின்றனவா, அழற்சியைக் காட்டும் சீ.ஆர்.பி. கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதியவர்களிலும் நீரிழிவு உள்ளவர்களிலும் நோவும் காய்ச்சலும் குறைவாகவே தெரியலாம். எங்கள் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு எது? எனவே அப்பம்மாவோ தாத்தாவோ "கொஞ்சம் நோகுது" என்று சொன்னாலும் இலேசாக எடுக்கக் கூடாது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் சிலவேளை தெரியும். பெரியவர்களில் கூடுதலாக உதவுவது சீ.ரீ. ஸ்கான். குருட்டுக்குடலில் இருந்து புறப்படும் தடித்த சிறு குழாய், சுற்றியுள்ள கொழுப்பில் அழற்சி, சீழ்க்கட்டி என்பவற்றை அது காட்டும். படத்தைப் பார்ப்பவருக்கு இந்தச் சந்தேகம் மனதில் இருந்தால்தான் அந்தச் சிறு துண்டு கண்ணில் படும். அதனால்தான் நோயாளி சொல்லும் பழைய கதைக்கு இவ்வளவு பெறுமதி.

அதே இடத்தில் நோவைத் தரும் வேறு நோய்களும் உண்டு. சலக்குழாயில் கல், பழைய சத்திரசிகிச்சையால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைபடுதல், குரோன்ஸ் எனப்படும் குடல் அழற்சி, பெருங்குடலில் தோன்றும் சிறு பைகளின் அழற்சி, வயது போனவர்களில் குருட்டுக்குடற் புற்றுநோய் என்பன அவற்றுட் சில. குடலில் வரும் கசநோயும் பெரும்பாலும் இதே இடத்தைத்தான் பிடிக்கும். தெற்காசியாவில் வாழ்ந்தவர்களில் வைத்தியர்கள் அதையும் யோசிப்பார்கள். பெண்களில் சூலகக் கட்டி முறுகுதல், கருப்பைக்கு வெளியே கரு தங்குதல் என்பன உடனே பார்க்க வேண்டியவை. எனவே மாதவிலக்குத் திகதியைக் கேட்பதும் கர்ப்பப் பரிசோதனை செய்வதும் அவமரியாதை அல்ல. மணமாகாத பிள்ளையிடமும் கேட்பார்கள். தாய்மார் கோபிக்கக் கூடாது.

ஸ்கானைப் பற்றி இன்னுமொன்று. உடம்பில் செல் சிதறல்களோ சன்னத் துண்டுகளோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சீ.ரீ. ஸ்கானுக்கு அதனால் ஆபத்தில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கான் பெரிய காந்தத்தால் இயங்குவது. உள்ளே இருக்கும் இரும்புத் துண்டை அது அசைக்கலாம், சூடாக்கலாம். கர்ப்பிணிகளுக்கு வயிற்று நோ வந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பதும் உண்டு. காயம் எங்கே, எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. "உடம்பில் உலோகத் துண்டு இருக்கிறது" என்ற ஒரு வசனம் போதும்.

சிகிச்சை என்ன?

அடிக்கட்டை அழற்சி என்று உறுதியானால் நாளத்தின் வழியாகத் திரவமும் அன்ரிபயோற்றிக்கும் ஏற்றுவார்கள். பின்னர் மிஞ்சிய துண்டை அடியோடு எடுப்பார்கள். கமரா மூலமும் செய்யலாம், திறந்தும் செய்யலாம். முன்னைய வெட்டினால் உள்ளே ஒட்டுகள் இருந்தால் திறந்து செய்வதே பாதுகாப்பு என்று நிபுணர் முடிவு செய்யலாம். சீழ்க்கட்டி பெரிதாக இருந்தால், முதலில் ஸ்கானின் உதவியோடு மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்திச் சீழை வெளியேற்றுவார்கள்.

நாட்கள் கடந்து, துண்டு வெடித்து, குருட்டுக்குடலின் சுவரும் பழுதடைந்திருந்தால் சின்னத் துண்டை மாத்திரம் எடுத்துத் தைக்க முடியாது. குருட்டுக்குடலையும் சிறுகுடலின் கடைசிப் பகுதியையும், சிலவேளை வலப்பக்கப் பெருங்குடலையும் வெட்டியெடுத்து மிகுதியை இணைக்க வேண்டி வரும். சின்ன வேலையாக முடிந்திருக்க வேண்டியது பெரிய சத்திரசிகிச்சையாகிவிடும். பிந்துவதன் விலை இதுதான்.

எடுத்த துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அரிதாக அதற்குள் சிறு கட்டி ஏதாவது இருக்கலாம் என்பதே காரணம். அந்த அறிக்கை வர நாளெடுக்கும். வீட்டுக்கு வந்த பின் "அறிக்கை என்ன சொல்கிறது?" என்று மறக்காமல் கேளுங்கள்.

நாங்கள் செய்ய வேண்டியவை

வலப்பக்க அடிவயிற்று நோ சில மணித்தியாலமாகக் குறையாமல் கூடிக்கொண்டே போனால் ஓமத்தண்ணியையும் வேர்க்கொம்பையும் நம்பி இரவைக் கழிக்காதீர்கள். ஆமணக்கெண்ணெயோ வேறு பேதி மருந்தோ கொடுக்கவே கூடாது. அழற்சியடைந்த குடலை அது வெடிக்க வைக்கலாம். பிரித்தானியாவில் உள்ளவர்கள் குடும்ப வைத்தியரையோ 111 என்ற இலக்கத்தையோ உடனே அழைக்கலாம். வயிறு பலகை போல இறுகினாலோ, தாங்க முடியாத நோ என்றாலோ, ஆள் சோர்ந்து குளிர்ந்து போனாலோ 999 ஐ அழையுங்கள், அல்லது நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் போகும் வழியில் சாப்பிட வேண்டாம். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைச் சொல்லுங்கள். நீரிழிவு மருந்தோ இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ எடுப்பவர்கள் அதை வாசலிலேயே சொல்லுங்கள். வைத்தியசாலையில் நோ மருந்து தந்தால் மறுக்க வேண்டாம். நோயை மறைத்துவிடும் என்பது பழைய எண்ணம்.

வைத்தியரிடம் "அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சு" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தாதீர்கள். தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லுங்கள். எந்த ஆண்டு, எந்த வைத்தியசாலை, எத்தனை நாள் வாட்டில் இருந்தீர்கள், சீழ் எடுத்தோம் என்று சொன்னார்களா, பக்கத்தில் குழாய் வைத்திருந்தார்களா, திரும்ப வரச் சொன்னார்களா என்பவை பயன்படும் விபரங்கள். உங்களிடம் பத்திரம் இல்லை என்றால் இப்படிச் சொல்லலாம்: "குடல்வளரியை எடுத்ததாகச் சொன்னார்கள். முழுவதும் எடுத்தார்களா என்பதற்கு என்னிடம் பத்திரம் இல்லை. மிஞ்சிய துண்டில் அழற்சி இருக்கலாமா என்று பார்ப்பீர்களா?" இப்படிக் கேட்டதற்காக எந்த நல்ல வைத்தியரும் கோபிக்க மாட்டார். அரிய நோய் என்பதால் அவருக்கு உடனே நினைவுக்கு வராமல் இருக்கலாம். நினைவூட்டுவது எங்கள் உரிமை.

ஆங்கிலம் போதாதவர்கள் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இங்கே என்.எச்.எஸ். வைத்தியசாலைகளில் அது இலவசம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பன்னிரண்டு வயது மகனுக்கு முன்னால் எந்தத் தாய் மாதவிலக்கைப் பற்றிப் பேசுவாள்? அவள் பேசாமல் விட்ட அந்த ஒரு பதிலில் நோயின் திறப்பு இருக்கலாம். அம்மாவின் நோவையும் பயத்தையும் சுமக்கிற வேலை பிள்ளைக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒரு கொப்பியில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்ன சத்திரசிகிச்சை, எப்போது, எங்கே, என்ன மருந்து ஒத்துவராது, உடம்பில் உலோகம் உண்டா என்று எழுதுங்கள். ஊரில் இருக்கும் பெரியம்மாவையோ மாமாவையோ அழைத்து, "எனக்குச் சின்ன வயதில் என்ன ஒப்பரேசன் செய்தது? திரும்ப வரச் சொன்னவையோ?" என்று இந்த வாரமே கேளுங்கள். அந்தக் கதை தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகிறார்கள். காகிதங்களை நாங்கள் வழியில் தொலைத்துவிட்டோம். ஞாபகங்களையாவது எழுதி வைப்போம்.

அடுத்த மாதம் பித்தப்பைக் கல் பற்றிப் பேசுவோம். அதுவரை நலமாக இருங்கள்.